அத்தையோடு ஒரு கிரிவலம்

வெளிநாட்டு உறவினர் வந்தால் கடைசி நாள் எப்படிக் கழியும் என்று சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பளம், வடாம், பருப்புப் பொடி என்று பெட்டியில் திணிப்பதும், நிறுத்துப் பார்த்துவிட்டுப் பாதியை வெளியே எடுப்பதுமாகப் பொழுது போய்விடும். பினாங்கிலிருந்து வந்திருந்த என் அத்தையோ, "பெட்டி கட்டியாச்சும்மா. நாளைக்கு என்னை மலை சுத்தக் கூட்டிட்டுப் போ, அது போதும்" என்று சொல்லிவிட்டார்.

அத்தை பிறந்தது இந்தத் திருவண்ணாமலையில்தான். 1981-ல் கல்யாணமாகி, சென்னைத் துறைமுகத்தில் 'சிதம்பரம்' கப்பல் ஏறிப் போனவர். 1985-ல் தீ விபத்து நேர்ந்து அந்தக் கப்பல் பயணமே நின்றுபோனது. அப்புறம் விமானம்தான். வரவும் குறைந்தது. பேகோபுரத் தெருவில் தாத்தா கட்டிய வீடும் கைமாறிவிட்டது. இந்த முறை போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடம்! அத்தை ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு சாப்பாடு மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். செருப்பில்லாமல் நடப்பது வழக்கம். அத்தைக்கோ பல வருஷமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைவு. முள் குத்தினாலும், தார் ரோடு சுட்டாலும் தெரியாது. சிறு புண்ணும் பெரிதாகிவிடும். "சாயந்திரம் நாலு மணிக்கு ஏர்போர்ட் கிளம்பணும், இந்தக் காலோட எதுக்கு?" என்றார் என் கணவர். அத்தையின் முகம் வாடிவிட்டது. நான் ஒரு வழி சொன்னேன்: விடியற்காலை ஆட்டோவில் போவது, எட்டு லிங்கத்திலும் இறங்குவது, கடைசிப் பகுதி மட்டும் நடப்பது. காலுக்கு மெத்தென்ற பருத்திக் காலுறை. பையில் இட்லி, தண்ணீர், சர்க்கரை குறைந்தால் வாயில் போட இரண்டு மிட்டாய்.

ஐந்து மணிக்கு 217 அடி உயர ராஜகோபுரத்தின் முன் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். பௌர்ணமி இல்லாததால் கூட்டம் இல்லை. இந்திர லிங்கம், அக்னி லிங்கம் தாண்டி ரமணாசிரமம் வந்தபோது மயில் அகவியது. எம லிங்கம், நிருதி லிங்கம் என்று போகப் போக மலை வேறு வேறாகத் தெரிந்தது. ஒரு பக்கம் ஒற்றைச் சிகரம். இன்னொரு பக்கம் படுத்த யானை மாதிரி. பிறந்ததிலிருந்து இங்கேயே இருக்கும் எனக்கே புதிதாக இருந்தது.

வருண லிங்கத்தருகே டீ குடிக்கும்போது அத்தை பேச ஆரம்பித்தார். "கார்த்திகை தீபம் 11 நாளும் நம்ம மொட்டை மாடியிலேருந்து பார்ப்போம். அம்மா அதைப் பார்த்துட்டுத்தான் சோறு போடும். பினாங்கிலே தண்ணிமலை முருகன் கோயில் இருக்கு, 513 படி. முட்டி நல்லா இருந்தவரைக்கும் தைப்பூசத்துக்கு ஏறுவேன். மேலே நின்னா இந்த மலைதான் ஞாபகம் வரும்."

"வீடு போயிடுச்சேன்னு வருத்தமா அத்தை?"

"வருத்தம்தான். பொறந்த வீடு இல்லேன்னா பொண்ணுக்கு ஊர் ஏது? அதான் இதைச் சுத்தணும்னேன். இதை யாரும் விற்க முடியாதில்லே?"

வாயு லிங்கம் தரிசித்து, குபேர லிங்கத்தில் ஆட்டோவை அனுப்பிவிட்டு, ஈசான்ய லிங்கம் வரை என் தோளைப் பிடித்தபடி மெதுவாக நடந்தார். நாலு இடத்தில் உட்கார்ந்தோம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வெந்நீரில் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கெல்லாம் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அன்று மத்தியானம் இரண்டாவது முறை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்!

மாலை கார் செஞ்சி ரோட்டில் ஏறியது. அத்தை பின்கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். நெடுந்தூரம் வரை மலை தெரிந்தது. "அடுத்த கார்த்திகைக்கு வரப் பாக்கறேன், மாடியிலே எனக்கு ஒரு பாய் போட்டு வை" என்றார்.

சகோதரிகளே, தாய்வீடு தேடி தூரத்திலிருந்து வரும் பெண்களின் கடைசி நாளைக் கடைவீதிக்கே கொடுத்துவிடாதீர்கள். ஊரில் எந்த இடத்தை ஒருமுறை பார்க்க ஆசை என்று கேட்டு, உடம்புக்கு ஏற்றபடி கூட்டிப் போங்கள். எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்தும் தீபம் நன்றாகத் தெரியும். பாயை எடுத்து வைத்துவிட்டேன்.