நடப்பவர்களையும் எண்ண வேண்டும்

ரொறன்ரோவின் கிழக்கே, ஸ்காபரோவை ஊடறுத்துப் போகும் உயர் அழுத்த மின்கம்பிகளின் கீழே ஒரு நீண்ட வெளி கிடக்கிறது. டொன் பள்ளத்தாக்கையும் ரூஜ் தேசிய நகர்ப்பூங்காவையும் இணைத்து, 16 கிலோமீற்றர் நீளத்துக்குச் சைக்கிள் பாதையும் உள்நாட்டுப் பூஞ்செடிகளுமாக இதை மாற்றும் ‘மெடோவே’ திட்டம் 2018இல் அறிவிக்கப்பட்டது.

கோடைப் பின்னேரங்களில் இங்கே தலைக்கவசம் அணிந்து விரைபவர்கள் மட்டும் வருவதில்லை. சீலைக்கு மேல் கம்பளிச் சட்டையும் காலில் ஓட்டச் சப்பாத்துமாக அம்மம்மாக்கள் பேரப்பிள்ளையின் தள்ளுவண்டியை உருட்டி வருகிறார்கள். பின்னால் கைகட்டி, இரண்டு இரண்டு பேராக ஊர்க்கதை கதைத்தபடி ஐயாமார் நடக்கிறார்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அருகியபோது, நோயாளி முதல் விறகுக்கட்டு வரை சைக்கிளிலேயே ஏற்றிய தலைமுறை அது.

இப்படியான பாதைகளில் பயன்பாட்டை அளக்கும் கருவிகளுக்கு இவர்கள் எல்லோரும் ஒன்றுபோலத் தெரிவதில்லை. தாருக்குள் புதைத்த கம்பிச்சுருள், மேலே உருளும் உலோகத்தால் காந்தப்புலம் மாறுவதை வைத்துச் சைக்கிளை எண்ணும், நடப்பவரை அறியாது. ஓரத்துக் கம்பத்தில் பொருத்தும் அகச்சிவப்புக் கருவி உடல் வெப்பத்தை உணரும். ஆனால் தோளோடு தோள் சேர்ந்து வரும் இரண்டு ஐயாமாரை ஒருவராகவே பதியக்கூடும். மாறாக, போய்த் திரும்பும் ஒருவர் இரண்டு தடவை பதிவாவார். அதனால்தான் ஓர் ஆள் தாளும் பேனையுமாகப் பக்கத்தில் நின்று சில மணிநேரம் எண்ணி, கருவியின் கணக்கைத் திருத்த வேண்டியிருக்கிறது.

இந்த எண்கள் சின்ன விஷயமில்லை. 2016இல் ரொறன்ரோவின் புளோர் வீதியில் சோதனையாகச் சைக்கிள் தடம் போட்டார்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,300 ஆக இருந்த சைக்கிள் பயணம் 4,900 ஆக உயர்ந்தது. கடைக்காரரின் வருமானம், கார்களின் தாமதம், விபத்து எல்லாவற்றோடும் அந்தக் கணக்கும் மேசைக்கு வந்தது. 2017 நவம்பரில் நகரசபை அந்தத் தடத்தை நிரந்தரமாக்கியது.

ஒரு வாங்கு, ஒரு மரநிழல், கழிப்பறை, கூடுதலாகச் சில விநாடிகள் எரியும் நடை விளக்கு: முதியவருக்கு வேண்டியவை இவை. சைக்கிளை மட்டும் எண்ணிய அட்டவணையில் இவற்றைக் கேட்பதற்கு ஆள் இருக்காது. எண்ணுபவர்கள் காலையிலும் பின்னேரத்திலும் நேரில் வந்து நிற்கட்டும். ஏன் வருகிறீர்கள், எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள், எங்கே களைக்கிறீர்கள் என்று தமிழிலும் கேட்கட்டும். அம்மம்மாக்கள் நின்று, விரிவாகவே பதில் சொல்வார்கள்.