கருப்பை வாய்

‘கருப்பை வாய்’ என்ற சொல் மருத்துவர் எழுதும் சீட்டைத் தாண்டி வருவதில்லை. சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் ஊருக்கே கேட்கும்படி விலை சொல்லும் அக்கா, ‘அங்க’ புண் இருக்கிறதாம், டெஸ்டுக்கு வரச் சொன்னார்கள் என்று என் காதோரம் சொன்னார். உடனே, “நான் ஒழுங்காத்தான டீச்சரம்மா இருக்கேன்?” என்றார்.

இந்தப் புற்று ஏறக்குறைய எப்போதும் எச்பிவி வைரஸால் வருவது. உடலுறவில் தொற்றும், கணவனை மட்டுமே அறிந்தவளுக்கும் தொற்றும். பெரும்பாலோரின் உடம்பு அதை ஓரிரு ஆண்டில் விரட்டிவிடுகிறது. தங்கிவிட்டால், 16, 18 முதலிய வகைகளின் இ6 புரதம், பழுதான செல்லைப் பெருகவிடாமல் தடுக்கும் பி53 என்ற காவல் புரதத்தை அழிக்கிறது. இ7 இன்னொரு காவலை முடக்குகிறது. ஒழுக்கம் இதில் எங்கே வருகிறது? வைரஸைக் கொண்டுவரும் ஆணுக்கு வழக்கமான பரிசோதனைகூடக் கிடையாது, கேள்வி மட்டும் இவளுக்கு. புற்றாக முற்றப் பொதுவாகப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். அதுவரை வலி இருக்காது, போய்க் காட்டவும் தோன்றாது.

திண்டுக்கல் மாவட்டத்தில் செவிலியர்கள் நீர்த்த அசெட்டிக் அமிலத்தை (வினிகரில் இருப்பதுதான்) கருப்பை வாயில் தடவி, வெளுக்கும் இடங்களைக் கண்டுபிடித்தார்கள். 2007இல் வெளியான அந்த ஆய்வில், சோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றால் இறந்தவர்கள் மற்ற ஊர்களைவிட 35 சதவீதம் குறைவு. தேவைப்பட்டது விளக்கு, பஞ்சு, ஒரு நிமிடக் காத்திருப்பு.