தொட்டிக்குள் முருகைக்கல் இல்லை



பாடசாலை விஞ்ஞான அறையில் உயிருள்ள முருகைக்கல் வளர்க்கிறார்கள் என்று பாப்பாமோட்டையில் ஒரு கதை உலாவுகிறது. இரண்டு பெற்றோர் நேரிலேயே வந்து கேட்டார்கள். கேட்டது நல்லது. நடந்ததை ஒளிக்காமல் எழுதிவிடுவோம் என்று பிள்ளைகளும் சொன்னார்கள். கொஞ்சம் நீளம், பொறுத்து வாசியுங்கள்.

முதலில் பதில்: இல்லை. தொட்டிக்குள் ஒருநாளும் வைத்ததில்லை. வாசலில் ஒரு வாளிக்குள் அரைப்பகல் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறோம்.

இது ஒளித்தொகுப்புப் பாடம் நடந்தபோது தொடங்கியது. நமது கரையில் நின்று பார்த்தால் சேறும் கண்டலும்தான். முருகைக்கல் பார் எல்லாம் தெற்கே, வங்காலை, அரிப்பு, சிலாவத்துறைப் பக்கம். பிள்ளைகளில் பலர் முருகைக்கல்லைச் செத்த வெள்ளைக் கல்லாக மட்டுமே கண்டவர்கள். அது உயிருள்ளது, அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத அல்கா இருந்து வெயிலில் உணவு சமைத்துக் கொடுக்கிறது என்றதும் ஒருவரும் நம்பவில்லை. "சேர், அப்ப லைட் போட்டு வளர்க்கலாமா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. கடைசியில், கரைவலையில் வந்து வீசப்படும் கடற்பாசி, சிறு மீன், இறால் இவற்றை 60 லீற்றர் தொட்டியில் வைத்து, பார்க்கடலுக்குரிய விளக்கை நாமே செய்வது என்று முடிவெடுத்தோம். கடை விளக்கின் விலை நமக்கு எட்டாது.

விளக்கு செய்வது பெரிய வேலையில்லை. நமது பாடப்புத்தகம் 'ஒளிகாலும் இருவாயி' என்று சொல்லும் எல்.ஈ.டி.தான். 3 வாற்று வகையில் 24 எடுத்தோம். பாதி வெள்ளை, பாதி 450 நனோமீற்றர் நீலம். தெளிந்த கடலில் சிவப்பு நிறம் சீக்கிரம் மறைந்துவிடும், நீலம்தான் ஆழம் வரை போகும். முருகைக்கல்லின் அல்காவும் அந்த நீலத்தை நன்றாகப் பிடிக்கும். இந்த நீல எல்.ஈ.டி.யைச் சாத்தியமாக்கிய மூவருக்குத்தான் 2014இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. பன்னிரண்டு பன்னிரண்டாகத் தொடராக இணைத்து, ஒவ்வொரு வரிசைக்கும் 700 மில்லிஅம்பியர் கொடுத்தோம். மொத்தம் ஏறத்தாழ 55 வாற்று. முதல் தரம் எரிந்தபோது அறையே பார்க்கடல் மாதிரி நீலமாகியது. கைதட்டினார்கள்.

நாங்கள் விட்ட பிழை சூட்டில். எல்.ஈ.டி. சுடாது என்று நினைக்கிறோம், ஏனென்றால் அதன் வெளிச்சத்தில் கை வைத்தால் சுடுவதில்லை. பழைய குண்டு பல்பு சூட்டை வெளிச்சத்தோடு முன்னால் வீசும். எல்.ஈ.டி. அதைத் தன் முதுகில் வைத்துக்கொள்ளும். கொடுக்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் சூடாகவே போகிறது. நமது விளக்கில் அது 30 வாற்றுக்கு மேல். அந்தச் சூடு வெளியேற வழி வேண்டும். நாங்கள் அதை மெல்லிய அலுமினியத் தகட்டில் பொருத்தி, மீன் துள்ளி விழாமலிருக்க மரமூடி செய்து, மூடிக்குள்ளேயே வைத்தோம். ஒரு சின்ன ஃபேன் இருந்தது. உப்புக் காற்றில் அது எத்தனை நாள் சுழலும் என்று யோசிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக நேரத்தோடு பூட்டிவிட்டுப் போனோம். இடையில் ஃபேன் நின்றிருக்கிறது. விளக்கு மட்டும் டைமரில் நாளுக்குப் பத்து மணித்தியாலம் எரிந்திருக்கிறது. திங்கள் காலை மூடியைத் திறந்தவுடன் மணத்திலேயே விளங்கியது. தண்ணீர் 35 பாகை செல்சியஸ். மீன், இறால் ஒன்றும் மிஞ்சவில்லை. தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறையும், உயிர்களுக்கோ அப்போதுதான் கூடுதலாகத் தேவைப்படும். அன்று பாடம் நடக்கவில்லை. கிணற்றடிக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தோம். சின்ன உயிர்தானே என்று எவரும் சொல்லவில்லை. பொறுப்பு பிள்ளைகளுடையதல்ல, ஆசிரியருடையது. அதையும் இங்கே எழுதிவைக்கிறோம்.

இரண்டாவது விளக்கை மெதுவாகச் செய்தோம். பழைய அம்ப்ளிஃபையரில் கழற்றிய, செதில் செதிலான கனத்த ஹீட் சிங்க். எல்.ஈ.டி.க்கும் அதற்கும் இடையில் வெப்பப் பசை, மெல்லிய படலமாக மட்டும். தடிப்பாகப் பூசினால் பசையே சூட்டுக்குத் தடையாகிவிடும். மின்னோட்டத்தைப் பாதியாக்கி 350 மில்லிஅம்பியர். வெளிச்சம் பாதிக்குக் குறையவில்லை, சூடுதான் பாதிக்கும் கீழே போனது. பின்பக்கத்தில் ஒரு வெப்ப ஆளி பொருத்தினோம். 60 பாகை தாண்டினால் அதுவே விளக்கை அணைத்துவிடும். ஃபேன் நின்றாலும் இனிப் பயமில்லை.

மரமூடியை எடுத்துவிட்டு வலை போட்டோம். தண்ணீர் மேல் குறுக்கே காற்று வீச இன்னொரு ஃபேன் வைத்தோம். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான்: ஆவியாகும் தண்ணீர் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். நமது தொட்டி இரண்டரைப் பாகை இறங்கியது. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கும். ஆகவே குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், கடல் தண்ணீர் அல்ல.

இப்போது வாளிக்கு வருவோம். தெற்கே தொழிலுக்குப் போயிருந்த ஒரு நானா, வலையில் சிக்கிய முருகைக்கல் துண்டொன்றை மோட்டார்சைக்கிளில் கொண்டுவந்தார். "சேர், உயிரோட இருக்கு, பிள்ளையளுக்காகக் கொண்டுவந்தேன்" என்றார். நல்ல மனதோடு செய்தது. பிள்ளைகளின் கண்களைப் பார்த்தோம். விளக்கும் தயார், தொட்டியும் தயார். ஆனால் உயிருள்ள முருகைக்கல்லை எடுப்பதும் வைத்திருப்பதும் நமது நாட்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும், ஒரு ஃபேன் நின்றதற்கே ஒரு தொட்டியைச் சாகவிட்டவர்கள் நாங்கள். பெரிய வாதம் நடந்தது. கடைசியில் "அது அமானிதம் சேர், திருப்பிக் கொடுப்போம்" என்று முதலில் சொன்னது, விளக்குக்காக அதிகம் பாடுபட்ட பிள்ளைதான். வாளிக்கு ஈரச்சாக்கு சுற்றி அன்று பின்னேரமே அனுப்பினோம். எடுத்த இடத்திலேயே இறக்கியதாக நானா சொன்னார். பிழைத்ததா என்பது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். வாளி கேற்றால் உள்ளே வந்ததை ஊர் பார்த்தது. வெளியே போனதைப் பார்க்கவில்லை. கதை பிறந்தது அப்படித்தான்.

அதன்பிறகு பிள்ளைகள் கேட்டார்கள்: கடலுக்கு யார் ஃபேன்? பதில் நமக்கு வீட்டிலேயே தெரியும். சித்திரை, வைகாசியில் காற்று விழுந்து கடல் கண்ணாடியாகக் கிடக்கும். அப்போதுதான் தண்ணீர் சூடாகும், வெயிலும் ஆழமாக இறங்கும். வழமையான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை கூடிச் சில கிழமை நின்றாலே முருகைக்கல் தன் அல்காவை வெளியே தள்ளி வெளிறிவிடும். உடனே சாவதில்லை. சோளகம் எழும்பிக் கடலைக் கலக்கிக் குளிர்த்தினால் மீளும். பிந்தினால் பட்டினியில் சாகும். எதிர்க்கரையில், தமிழ்நாட்டுப் பக்க மன்னார் வளைகுடாவில், 2016இல் இப்படி வெளிறியபோது உயிருள்ள முருகைக்கல் ஏறத்தாழ 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு இறங்கியதாகத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் அளந்து சொன்னார்கள். இரண்டு கரைக்கும் நடுவே இருப்பது ஒரே கடல்.

சூறா அர்ரஹ்மானில் முத்தும் பவளமும் சேர்த்தே சொல்லப்படுகின்றன. முத்துக்குளித்த கடலின் பிள்ளைகள் நாம். முத்துப்பாரின் பெருமையைப் பேசுகிறோம், மற்றதையும் கொஞ்சம் பேசுவோம்.

இப்போது தொட்டியில் கடற்பாசியும் நான்கு சிறு மீன்களும் இரண்டு முனிவன் நண்டுகளும் இருக்கின்றன. தண்ணீர் 29 பாகை. பாடசாலை நாளில் எவரும் வந்து பார்க்கலாம். வீட்டில் பழுதான அம்ப்ளிஃபையர், கணினி இருந்தால் ஹீட் சிங்கைக் கழற்றித் தாருங்கள், அடுத்த வகுப்புக்கு வேண்டும். வலையில் உயிர் முருகைக்கல் வந்தால் நமக்குக் கொண்டுவராதீர்கள். படமெடுத்துவிட்டு அந்த இடத்திலேயே கடலில் விடுங்கள். படம் மட்டும் போதும். இன்ஷா அல்லாஹ், பிள்ளைகள் அதை வைத்தே படிப்பார்கள்.