மூன்று நாளில் சாகாதவை

பிசி9 என்று ஒரு செல்வரிசை உண்டு. ஜப்பானில் நுரையீரல் புற்றுநோயாளி ஒருவரின் கட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. பல பத்தாண்டுகளாக உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்ந்துவருகிறது. இதன் ஈஜிஎஃப்ஆர் மரபணுவில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருப்பதால், ‘வளர்’ என்னும் கட்டளை ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். செல் அந்த ஒரு கட்டளையை நம்பியே வாழ்கிறது. அதை அடைக்கும் ஜெஃபிடினிப், எர்லோடினிப், ஒசிமெர்டினிப் ஆகிய மருந்துகளில் ஒன்றைக் கொடுத்தால் சில நாளில் வளர்ப்புத் தட்டு ஏறக்குறைய காலி. புதிதாக வரும் மாணவர்கள் நுண்ணோக்கியில் இதைப் பார்த்துப் பூரித்துப்போவார்கள். பூரிக்க வேண்டிய காட்சிதான். ஆனால் என்னை வேலைக்கு வைத்திருப்பது, அந்தத் தட்டில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒருசில செல்களுக்காக.

2010-இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜெஃப்ரி செட்டில்மன் குழுவினர் இந்த மிச்சத்தை எண்ணிப் பார்த்தார்கள். சாகடிக்கப் போதுமான அளவைவிடப் பல மடங்கு மருந்தை ஊற்றியும் ஆயிரத்தில் மூன்று செல் உயிரோடிருந்தது. அவற்றில் மருந்தை முறியடிக்கும் மரபணு மாற்றம் எதுவும் தென்படவில்லை. பெருகாமல் முடங்கிக் கிடந்தன. மருந்தை எடுத்துவிட்டால் மறுபடி பெருகின; பெருகியவற்றுக்கு அதே மருந்தைக் கொடுத்தால் செத்தன. தாக்குப்பிடிக்கும் செல்கள் என்கிறோம் இவற்றை. கட்டி திரும்ப வளர்வதற்கு இவை ஒரு நாற்றங்கால்.

இவற்றைக் கையாளப் பழகுவதற்கே நாள் பிடிக்கும். இவை தட்டையாகப் படர்ந்து, வழக்கத்தைவிடப் பெரிதாகத் தெரியும். செத்த செல்கள் மீடியம் என்னும் வளர்ப்புத் திரவத்தில் மிதக்க, இவை அடியில் ஒட்டிக் கிடக்கும். மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை மீடியத்தையும் மருந்தையும் மாற்றும்போது, பிப்பெட்டின் முனையைத் தட்டின் சுவரில் சாய்த்து மெல்ல இறக்க வேண்டும். நேராக நடுவில் பீய்ச்சினால் இருந்த கொஞ்சமும் பெயர்ந்துவிடும். அப்புறம் வாரக்கணக்கில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மங்கலாக ஒரு புள்ளி எழுந்திருக்கிறதா என்று தேடுவதுதான் வேலை.

எங்கள் துறையின் வழக்கமான சோதனையோ 72 மணி நேரத்தில் முடிந்துவிடும். மருந்தின் அளவைப் படிப்படியாகக் கூட்டி, மூன்றாம் நாள் செல்களின் வளர்சிதை மாற்றத்தை ஒளியாகவோ நிறமாகவோ அளந்து, பாதியாகக் குறைக்கும் அளவு எதுவென்று ஓர் எண்ணைச் சொல்வோம். பயனுள்ள எண்தான், மறுக்கவில்லை. ஆனால் செத்த செல்லையும் பெருகாமல் நின்றுபோன செல்லையும் அது பிரித்துச் சொல்லாது. ஆயிரத்தில் மூன்று அதில் தெரியவே தெரியாது. மூன்று நாள் என்பது திங்கள் தொடங்கி வியாழன் முடிக்கும் நம் வசதி. புற்றுநோயின் கணக்கு அதுவல்ல. ஜெஃபிடினிப் உண்ணும் நோயாளிக்குக் கட்டி திரும்புவது பொதுவாக ஓராண்டை ஒட்டி.

இந்த அவசரம், மருந்தை எதிர்த்து வளரும் செல்களை ஆய்வகத்தில் உருவாக்கும் முறைக்குள்ளும் புகுந்துவிடுகிறது. ஒருவழி, மிகக் குறைந்த அளவில் தொடங்கி, செல்கள் பழகப் பழக ஏற்றிக்கொண்டே போவது. ஒவ்வொரு வாரமும் ஏதோ வளரும். குழுக்கூட்டத்தில் காட்டப் படம் இருக்கும். இன்னொரு வழி, முதல் நாளே முழு அளவைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது. நோயாளி ஒசிமெர்டினிப் 80 மில்லிகிராம் மாத்திரையை முதல் நாளிலிருந்தே விழுங்குகிறார். அவருக்கு யாரும் துளித்துளியாக ஏற்றுவதில்லை. அளவை ஏற்றிக்கொண்டே போனால் சின்னச் சின்ன மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்று சேர இடம் கிடைக்கும். முழு அளவில் அந்த இடம் இல்லை. ஆகவே இரண்டு வழியிலும் கிடைக்கும் எதிர்ப்பு ஒன்றாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டாவது வழிதான் நேர்மையானது என்பது என் கட்சி. காலித் தட்டோடு பல வாரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் விலை.

மருந்துக்கு முன்பே எதிர்ப்பு இருந்ததா, மருந்துக்குப் பின் வந்ததா என்பது பழைய கேள்வி. பாக்டீரியாவில் லூரியாவும் டெல்புரூக்கும் 1943-இலேயே விடை கண்டார்கள்: வைரஸைத் தாங்கும் மாற்றம், வைரஸைப் பார்க்கும் முன்பே சில பாக்டீரியாவில் இருந்தது. புற்றுநோய்ச் செல்லில் விடை அவ்வளவு ஒற்றையாக வரவில்லை. ஜெஃபிடினிப்பை முறியடிக்கும் டி790எம் மாற்றம் 2005-இல் நோயாளிகளிடம் கண்டறியப்பட்டது. பிசி9 செல்களை வைத்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, டி790எம் இரண்டு பாதையிலும் வருவதைக் காட்டியது. சீக்கிரம் எழுந்த கூட்டங்களில் அது முன்பே ஒளிந்திருந்தது. தாமதமாக எழுந்தவை, முதலில் அது இல்லாமல் வெறுமனே தாக்குப்பிடித்துக் கிடந்து, பிறகு அதைப் பெற்றவை. இந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்ததற்குக் காரணம் அவர்களுடைய பொறுமை. முதல் கூட்டம் எழுந்ததும் நிறுத்தியிருந்தால் பாதி உண்மைதான் கிடைத்திருக்கும்.

அந்த இரண்டாம் பாதையில் நமக்கு ஓர் இடைவெளி இருக்கிறது. மாற்றம் இன்னும் வராத, செல் முடங்கிக் கிடக்கும் காலம் அது. அங்கே தாக்க முடிந்தால் டி790எம் பிறக்கவே வேண்டாம். பிறந்த பிறகு துரத்துவது எப்படிப் போகும் என்று பார்த்துவிட்டோம். டி790எம்மை அடக்க ஒசிமெர்டினிப் வந்து, 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே ஆண்டு அதை முறியடிக்கும் சி797எஸ் மாற்றமும் நோயாளிகளிடம் தென்பட்டது.

இந்தத் துரத்தல் புதிதல்ல. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகட சுப்பாராவ் தலைமையில் லெடர்லி நிறுவனத்தில் உருவான அமினோப்டெரினை, பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியதாக 1948-இல் அறிவித்தார். அந்த நோய்க்கு மருந்தே இல்லாதிருந்த காலத்தில் அது பெரும் வெற்றி. ஆனால் நோய் திரும்பியது. மருந்து வேலைசெய்த அன்றே மருந்து எதிர்ப்பும் எங்களுக்கு வேலையாகிவிட்டது.

கைவேலையில் நான் விட்டுக்கொடுக்காதவை சில. மருந்தில் வளரும் ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில், மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ மட்டும் கலந்த தட்டு ஒன்று அதே காலம் வளர வேண்டும். மாதக்கணக்கில் வளரும் செல் மருந்தே இல்லாமலும் மாறும். அதை எதிர்ப்பு என்று எண்ணிவிடக் கூடாது. எதிர்ப்பு வந்துவிட்டது என்று தோன்றியதும் சில வாரம் மருந்தை நிறுத்தி, மறுபடி கொடுத்துப் பார்க்க வேண்டும். நிலைத்த மாற்றமா, தற்காலிக முடக்கமா என்பது அப்போதுதான் தெரியும். மரபணு அடையாளச் சோதனை, மைக்கோபிளாஸ்மா என்னும் பாக்டீரியாத் தொற்றுக்கான சோதனை இரண்டும் கட்டாயம். வேறு செல் கலந்துவிட்டால், எதிர்ப்பு என்று நாம் கொண்டாடுவது வெறும் கலப்படம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இடைக்கால மாதிரிகள். பல ஆய்வகங்களின் திரவ நைட்ரஜன் தொட்டியில் தொடக்கச் செல்லும் கடைசி எதிர்ப்புச் செல்லும் மட்டும் இருக்கும். நடுவில் நடந்த மாதங்களுக்குச் சாட்சி இருக்காது. எங்கள் கேள்வியோ அந்த நடுவில்தான். இந்த வேலையைச் செய்யும் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளரின் ஒப்பந்தம் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. ஒருவர் வளர்த்த தட்டு, அவர் போனதும் கழிவுப் பையில் விழுந்துவிடும். அதனால் சில வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் செல்களை உறையவைத்து, மருந்தின் அளவு, கொடுத்த நாட்கள், கடைசியாகப் பார்த்த தோற்றம் எல்லாவற்றையும் அடுத்தவருக்குப் புரியும்படி எழுதிவைக்கிறேன்.

இந்த வேலைக்கு விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகள் நேர்காணலில் சம்பளத்தோடு இன்னும் இரண்டையும் கேளுங்கள். உங்கள் ஆய்வகத்தில் ஒரு தட்டை எத்தனை மாதம் விட்டுவைக்க அனுமதிப்பீர்கள்? இதற்கு முன்னிருந்தவர் உறையவைத்துப் போன செல்கள் எங்கே இருக்கின்றன?