எந்தக் கடல்?

மலர்க் குழுவினர் "பயணக் கட்டுரை ஒன்று தருக" எனப் பணித்திருந்தனர். சென்று மீண்ட பயணத்தைப் பற்றி எழுதுவதே மரபு. யாமோ இன்னும் புறப்படாத ஒரு பயணத்தைப் பற்றி எழுதத் துணிந்தோம். ஆறு திங்களாக எமது நிவித்திகல இல்லத்தில் இதனையன்றி வேறு பேச்சில்லை, அன்பர்கள் பொறுத்தருள்க.

எம் மூத்த மகன் குடும்பத்துடன் பிரான்சு நாட்டில் வாழ்கின்றான். சென்ற தைப்பொங்கலன்று தொலைபேசியில் அழைத்து, "ஓகஸ்ட் மாதம் எல்லோரும் வாருங்கள், மத்தியதரைக் கடலோரத்தில் இரு வாரத்துக்கு ஒரு வீடு எடுப்போம்" என்றான். மார்செய் அருகேயா, நீஸ் நகருக்கு அப்பாலா என்பது மட்டுமே அவனுக்கு ஐயம்.

மத்தியதரைக் கடல் என்றதும் எமக்குக் கல்லூரியின் புவியியல் வகுப்பு நினைவுக்கு வந்தது. "கோடை வறட்சி, மாரி மழை" என்று கரும்பலகையில் எழுதி, அதனை நூறு முறை எழுதுவித்த ஆசிரியரை அக்கால மாணவர் எவரும் மறந்திரார். அக்கடற்கரையின் செல்வச் சிறப்பெல்லாம் முன்னாளில் மாரிக்கே உரியது என்பதை யாம் பின்னரே படித்தறிந்தோம். குளிருக்கு அஞ்சிய ஆங்கிலப் பிரபுக்கள் மாரிக்காலத்தில் வந்து தங்கினர். நீஸ் நகரின் கடலோர வீதி இன்றும் ஆங்கிலேயர் பெயராலேயே வழங்குகின்றது. கோடையில் அங்கே நீராடச் செல்வது 1920களில் எழுந்த புது வழக்கம். 1936இல் பிரெஞ்சு அரசு தொழிலாளர் யாவர்க்கும் ஊதியத்துடன் இரு வார விடுமுறை அளித்த பின்னரே ஆலைத் தொழிலாளர் பலர் முதன்முறையாகக் கடலைக் கண்டனர்.

இச்செய்தியை எம் தாயாருக்குச் சொன்னோம். அவர் நாற்பது ஆண்டுகள் இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். மழை பெய்தால் பால் வெட்டில்லை. பால் வெட்டில்லையேல் பேர் இல்லை. பேர் இல்லையேல் அன்றைய கூலியும் இல்லை. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் இரத்தினபுரிப் பகுதியில் அவர் கண்ட விடுமுறை அதுவே. "சம்பளத்தோட லீவா?" என்று கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார்.

திட்டம் தொடங்கிற்று. கடவுச்சீட்டு, வீசா, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி எனப் பட்டியல் நீண்டது. எமக்கும் இல்லாளுக்கும் இடரில்லை. தாயாருக்கோ பிறப்புச் சான்றிதழ் இல்லை. அவர் பிறந்த காலத்தில் தோட்டத்து லயத்துப் பிறப்பை எவரும் பதிந்திலர். உத்தேச வயதுச் சான்றிதழ் பெற்றால் வழியுண்டு என அறிந்து, மகிழ்வோடு அவரிடம் கூறினோம்.

"எனக்கு ஒரு காயிதமும் வேணாம்யா. காயிதத்தக் கையில குடுத்துத்தானே எந்தம்பியக் கப்பல் ஏத்துனாங்க" என்றார்.

1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எம் தந்தையார் இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார், தாய்மாமன் இந்தியாவுக்கு. 1972இல் மாமன் குடும்பத்தை வழியனுப்பக் கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு ரயிலில் தலைமன்னார் சென்றோம். எமக்கு அப்போது ஒன்பது வயது. கடலை முதன்முதற் கண்ட எமக்கு அது வியப்பு. தாயார் கடலைப் பார்த்தாரா, கப்பலை மட்டும் பார்த்தாரா, அறியோம். அதன்பின் அவர் கடற்கரைக்குச் சென்றதில்லை. மாமன் அக்கரையிலேயே காலமானார். செய்தி கடிதமாக வந்து சேரப் பதினாறாம் நாள் கடந்துவிட்டது.

கல்லூரி விடுதியில் இருந்த ஆண்டுகளில் ஞாயிறு மாலைதோறும் நண்பரோடு கடற்கரைக்குச் சென்று மணலில் விளையாடியதை உடனுறைந்தோர் அறிவர். அதனை ஒரு கடிதத்திலேனும் யாம் தாயாருக்கு எழுதினோமில்லை. அவ்வயதிலேயே எமக்கு அது தெரிந்திருந்தது என்பது இப்போது வியப்பளிக்கின்றது.

தாயாரைத் தனியே விட்டுச் செல்வதற்கில்லை. ஆகவே மகனே வருவதெனத் தீர்மானித்தான். பேர்த்திக்கும் பள்ளி விடுமுறை ஓகஸ்டிலேதான். ஆயினும் கடற்கரை ஆசை அவனை விட்டபாடில்லை. ஹிக்கடுவையில் அறைகள் மலிவு என்றான். மலியாது என் செய்யும்? தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்று அடிக்கும் காலம் அது. எமக்கு மிக அண்மையான கடல் களுத்துறைக் கடல்; எம் மலைகளிற் பெய்யும் மழையும் களுகங்கை வழியாக அங்கேதான் போய்ச் சேர்கின்றது. ஆனால் ஓகஸ்டில் அக்கரையெங்கும் அலை கொந்தளிக்கும். அதே வேளையில் மலைக்கு அப்பால் திருகோணமலைக் கடல் குளம்போற் கிடக்கும். அங்கே பெருமழை வடகீழ்க் காற்றோடு ஒக்டோபருக்குப் பின்னரே வரும். கோடை வறட்சி, மாரி மழை! மத்தியதரையை நாடிப் பிரான்சுக்குப் போவானேன் என்று, நூறு முறை எழுதிய மாணவனின் பெருமிதத்தோடு மகனுக்கு விளக்கினோம். அவன் சிரித்து, உடன்பட்டான்.

எஞ்சியவர் தாயார். கோணேசர் கோயிலைச் சொன்னோம். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழையும் சொன்னோம். அசையவில்லை. ஒருநாள் மாலை, தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அங்கேருந்து பாத்தா தலைமன்னாரு தெரியுமா?" என்று கேட்டார்.

"இல்லையம்மா. தலைமன்னார் மேற்குக் கரை. திருகோணமலை கிழக்குக் கரை. அது வேறு கடல்" என்றோம்.

கடல்கள் யாவும் ஒன்றோடொன்று கலந்தவை எனப் புவியியல் கூறும். அதனைச் சொல்லாது விட்டோம்.

"அப்பச் சரி. போவோம்" என்றார்.

வான் ஒன்று பேசியாயிற்று. அவிசாவளை, கேகாலை, குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழி. ஒரு பகற்பொழுது முழுதும் செல்லும். கட்டுச்சோறு இல்லாளின் பொறுப்பு. முன் ஆசனம் வேண்டும் என்பது தாயாரின் ஒரே நிபந்தனை. முதல் நாட் காலை கோணேசர் தரிசனமா, நிலாவெளியில் நீராட்டமா என்பதே இன்னும் தீரவில்லை. யாம் கோயில் என்கின்றோம். பேர்த்தி கடல் என்கின்றாள். தாயார், வழக்கத்துக்கு மாறாக, பேர்த்தியின் பக்கம் சாய்ந்திருக்கின்றார்.