உப்பும் சீனியும் ஒரு லீற்றர் தண்ணீரும்

என் மகள் பத்தாம் ஆண்டில் படிக்கிறாள். கடந்த மாதம் ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் வந்ததும், "அம்மா, மூண்டு உருளைக்கிழங்கு வேணும். ஒண்டை அவிச்சுத் தாங்கோ" என்றாள். விஞ்ஞானப் பாடத்துக்காம்.

தோல் சீவி, அடியைத் தட்டையாக வெட்டி, நடுவைத் தோண்டி மூன்றையும் சின்னக் கிண்ணங்கள் போலாக்கினாள். தண்ணீர் ஊற்றிய தட்டில் அவற்றை வைத்தாள். ஒரு பச்சைக் கிழங்கின் குழியில் சீனி போட்டாள். அவித்த கிழங்கிலும் சீனி போட்டாள். மற்றப் பச்சைக் கிழங்கை வெறுமையாக விட்டாள்.

இரவுச் சாப்பாட்டு நேரம் போய்ப் பார்த்தோம். சீனி போட்ட பச்சைக் கிழங்கின் குழியில் தண்ணீர் ஏறி நின்றது. வெறுங் கிழங்கில் ஒன்றுமில்லை. அவித்த கிழங்கிலும் அப்படி ஏறவில்லை.

திண்ணையில் இருந்த என் அம்மா எட்டிப் பார்த்தார். "ஆர் பிள்ளை அதுக்குள்ள தண்ணி விட்டது?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் விடேல்லை அம்மம்மா. சீனிதான் இழுத்தது" என்றாள் மகள்.

பிறகு புத்தகத்தை விரித்து எங்கள் இருவருக்கும் படிப்பித்தாள். சாமி அறையில் சாம்பிராணி போட்டால் வாசம் வீடெல்லாம் வருகிறது. நெருக்கமாக உள்ள இடத்திலிருந்து நெருக்கம் குறைந்த இடத்துக்குத் துணிக்கைகள் தாமாகவே போகின்றன. இதற்குப் பரவல் என்று பெயர். நாம் இழுக்கும் மூச்சிலுள்ள ஒட்சிசன் நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குப் போவதும் இப்படித்தான்.

உயிருள்ள ஒவ்வொரு கலத்தையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அது தண்ணீரை இலகுவாக விடும். உப்பையும் சீனியையும் அப்படி விடாது. சவ்வின் ஒரு பக்கத்தில் கரைசல் செறிவாகவும் மறுபக்கத்தில் ஐதாகவும் இருந்தால், ஐதான பக்கத்துத் தண்ணீர் செறிவான பக்கத்துக்குப் போகும். இது பிரசாரணம். கிழங்கை அவித்தால் கலங்கள் செத்துச் சவ்வு பழுதாகிவிடும். அதனால்தான் அவித்த கிழங்கு அந்த வேலையைச் செய்யவில்லை.

நாங்கள் பெயர் தெரியாமலே இதை அடுப்படியில் கண்டிருக்கிறோம். தேசிக்காயை வெட்டி உப்புப் போட்டு வைத்தால் அடுத்த நாள் போத்தலில் தண்ணீர் ஊறி நிற்கும். பாயாசத்தில் போட்ட முந்திரிகை வற்றல் ஊதிப் பெருக்கும். 2004 மார்கழி 26ஆம் திகதி கடல் வந்துபோன பிறகு எங்கள் மாவட்டத்துக் கரையோரத்தில், நிலம் ஈரமாக இருந்தும் பயிர்கள் வாடின. மண்ணிலே உப்புக் கூடினால் வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது.

மகள் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். அம்மா மட்டும் அந்தக் கிழங்கைப் பார்த்தபடியே இருந்தார். கொஞ்ச நேரத்தின் பின், "உப்பும் சீனியும் தண்ணியை இழுக்குமெண்டால், தம்பிக்கு நான் குடுத்த தண்ணி ஏன் நிக்கேல்லை?" என்று கேட்டார்.

1990இல் நாங்கள் திரியாயை விட்டு ஓடியபோது எனக்குப் பதின்மூன்று வயது. தம்பிக்கு ஒன்றரை வயது. காட்டுப் பாதையால் முல்லைத்தீவுப் பக்கம் போய் ஒரு மரத்தடியில் இருந்தோம். எத்தனையோ குடும்பங்களுக்கு ஒரு கிணறு. தம்பிக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று சனங்கள் சொன்னார்கள். பிள்ளை தண்ணீர் தண்ணீர் என்று அழுததால் அம்மா வெறும் தண்ணீரைக் கொடுத்தார். மூன்றாம் நாள் தம்பி போய்விட்டான். "தாய் தண்ணி குடுத்துத்தான் பிள்ளை முடிஞ்சது" என்று ஒருவர் சொன்னது அம்மாவின் காதில் விழுந்தது. 2002இல் போர்நிறுத்தம் வந்த பிறகு ஊருக்குத் திரும்பினோம். அந்தச் சொல்லும் அம்மாவோடு திரும்பி வந்தது.

அம்மாவின் கேள்விக்குப் பதில் தேடி நான் படித்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கொலரா போன்ற நோயில் கிருமியின் நஞ்சு குடலின் கலங்களைத் தூண்டி உப்பை வெளியே விடச் செய்கிறது. உப்புப் போகும் பக்கம் தண்ணீரும் பிரசாரணத்தால் போகிறது. பிள்ளையின் உடம்புத் தண்ணீர் குடலுக்குள் வடிந்துவிடுகிறது. வெறும் தண்ணீர் கொடுத்தால் போன உப்புத் திரும்பி வராது. தண்ணீரை உள்ளே இழுத்து வைக்கவும் ஆளில்லை.

ஆனால் குடல் கலத்தில் ஒரு வாசல் அந்த நோயிலும் பழுதாகாமல் இருக்கிறது. அந்த வாசலால் சோடியமும் குளுக்கோசும் சேர்ந்துதான் போகும். உப்பிலே இருப்பது சோடியம். குளுக்கோசு சீனியிலிருந்து கிடைக்கிறது. இரண்டும் கலத்துக்குள் போனால் தண்ணீர் பின்னாலே போகும். இந்தக் கூட்டு வழியை 1960இல் றொபேட் கிரேன் என்னும் அமெரிக்க அறிஞர் எடுத்துச் சொன்னார்.

அது மருந்தாகப் பெரிய அளவில் தன்னை நிரூபித்தது ஓர் அகதி முகாமில்தான். 1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் நடந்த போருக்குத் தப்பி இலட்சக்கணக்கான மக்கள் மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். எல்லையிலுள்ள பொங்கான் என்ற ஊரில் கொலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சேலைன் முடிந்துகொண்டு வந்தது. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் அப்பச்சோடா என்று கலந்து பெரிய பீப்பாய்களில் வைத்தார். தாய்மாரும் உறவினரும் கோப்பையில் எடுத்து நோயாளருக்குப் பருக்கினார்கள். நூற்றுக்கு 30 பேரளவில் இறந்துகொண்டிருந்த இடத்தில் அது 4 பேருக்கும் குறைந்தது. அந்த மருத்துவர் 2022இல் காலமானார்.

அந்த மக்களின் நாடு பங்களாதேசம் ஆன பிறகு, 1980 முதல் 1990 வரை பிராக் நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய், 1 கோடி 20 இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் உப்பும் வெல்லமும் கலக்கும் முறையைத் தாய்மாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். எங்களைப் போலப் போரைக் கண்ட பெண்கள்தான் அவர்களும்.

இதையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னேன். "அம்மா, நீங்கள் தண்ணி குடுத்தது பிழையில்லை. அதோட ஒரு சொட்டு உப்பும் கொஞ்சச் சீனியும் இருந்திருக்க வேணும். மரத்தடியில எங்களிட்ட ரெண்டும் இல்லை. சொல்லித் தரவும் ஆளில்லை" என்றேன். தம்பி தப்பியிருப்பான் என்று நான் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியாது. அம்மா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, "அப்ப தண்ணியால இல்லை" என்று மட்டும் சொன்னார்.

சகோதரிகளே, வயிற்றோட்டத்துக்கு வைத்தியசாலையிலும் மருந்துக் கடையிலும் ஜீவனி கிடைக்கிறது. பக்கற்றில் எழுதியுள்ள அளவு தண்ணீரிலேயே முழுவதையும் கரையுங்கள். அது கைவசம் இல்லாத நேரம், கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் தேக்கரண்டியால் தலை தட்டி ஆறு கரண்டி சீனியும் அரைக் கரண்டி உப்பும் கரையுங்கள். அளவு கூடக் கூடாது. சீனி கூடினால் அது உடம்புத் தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் போக்கைக் கூட்டும். சோடா வகைகள் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான். உப்புக் கூடினால் பிள்ளைக்கு ஆபத்து.

இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒவ்வொரு முறை போன பின்பும் 50 முதல் 100 மில்லிலீற்றர் வரை கரண்டியால் கொடுங்கள். சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மெதுவாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். சாப்பிடும் பிள்ளைக்கு உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லது. கலந்த நீரை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்காதீர்கள். கண் குழிவிழுந்தால், சலம் போகாவிட்டால், பிள்ளை சோர்ந்து குடிக்க மறுத்தால், மலத்தில் இரத்தம் கண்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். போகும் வழியிலும் கரண்டியை நிறுத்த வேண்டாம்.

எங்கள் வீட்டில் இப்போது மகளின் எழுத்தில் இந்த அளவு அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் ஆறு கரண்டி, அரைக் கரண்டி என்று பாடமாக்கிவிட்டார். போன கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிக்கு அவர்தான் சொல்லிக் கொடுத்தார். நீங்களும் ஒருவருக்குச் சொல்லுங்கள்.