ஊக்கின் விதியும் ஊர்க் கராஜும்

வில்லொன்றின் நீட்சி அதன்மேற் செலுத்தப்படும் விசைக்கு நேர்விகிதசமமானது என்னும் ஊக்கின் விதியை நம் மாணவர் பாடசாலையிலேயே கற்றுவிடுகின்றனர். தாங்கியொன்றிற் சிறு வில்லைத் தொங்கவிட்டு, ஐம்பது ஐம்பது கிராம் படிகளாக ஏற்றி, வாசிப்பெடுத்து வரைபு கீறினால் நேர்கோடு கிடைக்கும். அத்தோடு பரிசோதனை முடிந்தது. றொபேட் ஊக் 1676 ஆம் ஆண்டில் தம் கண்டுபிடிப்பைப் பிறர் கவர்ந்துவிடாதிருக்க எழுத்துகளைக் கலைத்துப் புதிராக வெளியிட்டு, 1678 இலேயே அதனை விடுவித்தார். அத்துணைக் கவனமாகப் பொத்திவைக்கப்பட்ட விதி இன்று பரீட்சைத் தாளில் எவரையும் அச்சுறுத்துவதில்லை. ஆயின் அதே விதி ஊர்க் கராஜுகளில் மனிதரின் எலும்பை முறித்திருக்கிறது. அதுபற்றியே ஈண்டு எழுத விழைகின்றேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீதிகளைப் பல்லாண்டுகள் ஆண்டவை பழைய ஆங்கிலக் கார்கள். 1990 இல் எழுந்த பொருளாதாரத் தடையின்பின் பெற்றோல் கிடையாதாயிற்று. சில துளி பெற்றோல் கொண்டு இயக்கி, பின் மண்ணெண்ணெயில் அவற்றை ஓட்டினர். அவற்றுள் மொறிஸ் மைனருக்கு முன்பக்கத்திற் சுருள்வில் இல்லை என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1948 இல் வெளிவந்த அக்காருக்கு அலெக் இசிகோனிஸ் அமைத்துக் கொடுத்தது முறுக்குத்தண்டு. சுருளாது நீண்டு கிடந்து, முறுகுவதாற் பாரத்தைத் தாங்கும் உருக்குக் கம்பி. சுருள்வில் இருந்தது ஒஸ்ரின் ஏ40 இலும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜிலுமே. குழி விழுந்த வீதிகளில் அளவுக்கு மீறிய பாரமேற்றி ஓடியதால் இவற்றின் முன்வில்கள் தாழ்ந்துபோயின. புதிய வில் கொழும்பிலிருந்து வர வழியில்லை. ஆகவே ஓடாது கிடந்த காரின் வில் ஓடுங் காருக்கு மாறிற்று; ஒன்றைக் கழற்ற வேண்டிய இடத்தில் இரண்டைக் கழற்ற வேண்டியதாயிற்று.

கோண்டாவிலில் எங்கள் வீட்டுக்கு அண்மையிற் பெரியவர் ஒருவர் தகரக் கொட்டிலொன்றிற் கராஜ் நடத்தி வந்தார். தொண்ணூறுகளின் முற்பகுதியிற் பள்ளி மாணவனாயிருந்த நான் மாலைவேளைகளில் அங்கே போய் நிற்பதுண்டு. கம்பனியின் கைந்நூல் எதனையும் அவரிடம் நான் கண்டதில்லை. வேறு எவ்வேலையையும் பேச்சும் சிரிப்புமாகச் செய்பவர், கேம்பிரிட்ஜின் முன்வில்லைக் கழற்றும்போது மட்டும் வாய் திறக்கமாட்டார்.

முதலிற் காரை உயர்த்தி, அடிச்சட்டத்தின்கீழ்ப் பனங்குற்றிகளை அடுக்கி, அதன்மேல் அமர்த்துவார். ஜக்கை மட்டும் நம்பி ஒருநாளும் அடியிற் கை வைத்ததில்லை. சில்லைக் கழற்றியபின் சுருளின் வளையங்களூடே சங்கிலியொன்றைச் செலுத்திச் சட்டத்தோடு பிணைப்பார். வில்லைக் கீழிருந்து தாங்கும் உருக்குத் தட்டு, சில்லைத் தாங்கும் கீழ்க்கையோடு போல்ற்றுகளாற் பூட்டப்பட்டிருக்கும். அத்தட்டின்கீழ் ஜக்கை முட்டுக்கொடுத்து, எதிரெதிர் மூலைகளிலுள்ள இரு போல்ற்றுகளை மட்டும் கழற்றி, அவ்விடங்களிற் கடைச்சல் பட்டறையிற் சொல்லிச் செய்வித்த சாணளவு நீளமான இரு போல்ற்றுகளைப் பூட்டி இறுக்குவார். அதன்பின்னரே எஞ்சியவை கழலும். ஜக்கை இறக்கியதும் வில்லின் விசை முழுவதும் அவ்விரு நீண்ட போல்ற்றுகளின்மேல் வந்து நிற்கும். இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என மாறி மாறி நட்டுகளைத் தளர்த்துவார். தட்டு அங்குலம் அங்குலமாக இறங்கும். வில்லும் அதனோடு நீளும். ஈற்றில் வில் தானாகவே ஆடி, கையோடு வந்துவிடும்.

"தம்பி, முன்னுக்கு இராதை. பக்கத்திலை வந்து இரு" என்று கையாளுக்கு அவர் சொன்னது மட்டும் அந்த அரைமணி நேரத்தில் ஒருமுறை கேட்கும்.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு? சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். முன்சில்லொன்று 270 கிலோகிராம் பாரம் சுமப்பதாகக் கொள்வோம். வில் கீழ்க்கையின் நடுவளவில் அமர்ந்திருப்பதால் அதன்மேல் வரும் பாரம் ஏறத்தாழ இருமடங்கு. 5,000 நியூற்றன் என வைத்துக்கொள்ளலாம். அவ்விசையால் அது 10 சென்ரிமீற்றர் அமுங்கியிருப்பின் அதில் உறையும் சக்தி 250 யூல். காரை உயர்த்திச் சில்லைத் தொங்கவிட்டதும் வில் ஓய்ந்துவிட்டதுபோலத் தோன்றும். ஓய்வதில்லை. கீழ்க்கை ஓர் எல்லைவரையே இறங்குமாதலால் வில் அமுங்கியபடியே நிற்கும். பாதி தளர்ந்தது எனக் கொண்டால் விசை பாதியாகும். சக்தி காற்பங்காகி 60 யூல் அளவில் நிற்கும். 3 கிலோகிராம் சம்மட்டியொன்று 2 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்ந்து தரும் அடி அது. பெரியவரின் நீண்ட போல்ற்றுகள் அவ்வடியை நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளாக நறுக்கி, புரிகளின் உராய்விலே வெப்பமாக்கிப் போக்கின. அவருக்கு யூல் என்ற சொல் தெரியாது. எங்கள் பௌதிகவியல் ஆசிரியருக்கோ அந்தப் போல்ற்று தெரியாது.

இன்னொரு கராஜில் நிகழ்ந்ததையும் சொல்ல வேண்டும்; ஊர் பேர் வேண்டாம். அங்கே நீண்ட போல்ற்று இல்லை. தட்டின்கீழ் ஜக்கைக் கொடுத்துவிட்டு எல்லாப் போல்ற்றுகளையும் கழற்றினர். எண்ணெய் படிந்த நிலத்தில் ஜக் சரிந்தது. தட்டும் வில்லும் ஒருங்கே பாய்ந்து, எதிரே குந்தியிருந்த இளைஞனின் கீழ்த்தாடையை உடைத்தன. மருந்துத் தட்டுப்பாடு நிலவிய காலம். எலும்பு பொருந்தியது, பேச்சு மட்டும் குழறலாகவே நின்றுவிட்டது. அவன் சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்தில் திறமைச் சித்தி பெற்றவன். விதி தெரியாதவன் என்று எவரும் சொல்லமுடியாது. அவன் அறிந்த வில் ஐம்பது கிராம் படிக்கு அசைந்து கொடுக்கும் வில். அது அறுந்து விழுந்தாலும் மேசை கூட அதிராது. நம் ஆய்வுகூடங்களில் கழித்துவிடப்பட்ட கார்வில் ஒன்றையேனும் வைத்து, அதனை ஒரு சென்ரிமீற்றர் அமுக்க எத்தனை மாணவர் அதன்மேல் ஏறி நிற்கவேண்டும் என்று காட்டுதல் பெரிய செலவான காரியமன்று. நான் விரிவுரையாளனான பின் அவ்வாறு செய்து வருகின்றேன். மாணவன் ஒருவன் முழுப் பாரத்தோடு ஏறியும் வில் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே அமுங்கக் காணும்போது வகுப்பிற் சிரிப்பு அடங்கிவிடுகிறது.

இன்று குடாநாட்டிற் பழைய ஒஸ்ரின்கள் அருகிவிட்டன. போர் முடிந்த 2009 இன் பின் வந்து குவிந்த யப்பானியக் கார்களிற் பெரும்பாலானவற்றின் முன்வில் அதிர்வுதாங்கியைச் சுற்றியே அமர்ந்திருக்கிறது. மக்பேர்சன் என்பாரின் பெயரால் வழங்கும் அமைப்பு இது. இங்கே ஆபத்து கண்ணுக்கெதிரே, உச்சியில் இருக்கும் ஒற்றை நடுநட்டில் உள்ளது. வில்லை அமுக்காமல் அதனைத் திருகுபவன் மீது மேற்தட்டு பாயும். இருபுறமும் நேரெதிராக இரு அமுக்கிகளைப் பூட்டி, கைச்சாவியால், மாறி மாறி, சிறிது சிறிதாக இறுக்கவேண்டும். காற்றால் இயங்கும் சாவியை அமுக்கித் திருகாணியிற் பிரயோகித்தல் கூடாது. புரி கிழிந்தால் பிடி முழுவதும் போய்விடும்.

சென்ற ஆண்டு திருநெல்வேலிப் பக்கக் கராஜொன்றில் இருபது வயதும் நிரம்பாத பையன் ஒருவன் இவ்வேலையைச் செய்யக் கண்டேன். அமுக்கிகளை இறுக்கியபின் அவன் நடுநட்டைத் தொடவில்லை. பக்கவாட்டில் நின்று சுருளைக் கையாற் பற்றிச் சுழற்றிப் பார்த்தான், அசையவில்லை.

"அண்ணை, இன்னும் இருக்குது" என்றான்.

"அப்ப இன்னும் ரெண்டு சுத்து இறுக்கு" என்றார் உள்ளேயிருந்தவர்.

இறுக்கினான். மீண்டும் பற்றினான். இம்முறை வில் இருக்கையில் தளர்ந்து சுழன்றது. அதன்பிறகே சாவியை நடுநட்டில் வைத்தான்.